பத்தாம் நோன்பு விலை

ஜவாஹிர் மாஸ்டருக்குக் கணக்குப் பிழைக்காது என்று மாத்தளை டவுனில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிய ஆள் யாரோ, அவர் மட்டும் இப்போது கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்கலாம். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். நோன்பு மாதம் பிறந்தால் அவர் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. கராம்பு வியாபாரி, புடவைக் கடைக்காரர், மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் உம்மாமார், எல்லோரும் கடதாசிக் கட்டோடு வந்து உட்காருவார்கள். "மாஸ்டர், இந்த முற எனக்கு ஸகாத் எவ்வளவு வருது?" ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுக்கிற கடமை அது. மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கூட்டிக் கழித்து, ஒரு தொகையைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். பள்ளிவாசல் இமாமே "கணக்கென்டா மாஸ்டர்ட்டப் போங்க" என்று அனுப்பிவைப்பார்.

ஊரே இப்படித் தலையில் தூக்கி வைத்தால் எந்த மனிதனுக்குத்தான் தலை கனக்காது? மாஸ்டருக்கும் கனத்தது. பாவம், அது அவருக்கே தெரியாமல் கனத்தது.

அவருடைய தங்கை றுஸைனா யட்டவத்தவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் ஹஸீப் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிற சின்ன வியாபாரி, வாயைத் திறந்தால் சிரிக்க வைக்கிற பெரிய பகிடிக்காரன். ஈஸ்டர் குண்டு வெடிப்பதற்கு இரண்டு மாதம் முந்தி, சீகிரியாப் பக்கம் தகப்பன் வழியில் வந்த காணித் துண்டொன்றை அவன் ஒரு ஹோட்டல்காரருக்கு விற்றான். கைக்குப் பத்து லட்சம் வந்தது. வங்கியில் போட்டால் வட்டி வரும், வட்டி ஆகாது. வீட்டில் வைத்தால் கரையும். மாஸ்டர்தான் வழி சொன்னார். வட்டியும் சாராயமும் தொடாத கம்பனிகளின் பங்குகளை மட்டும் வாங்குகிற நிதியம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. நூறு பேர், ஆயிரம் பேர் காசைச் சேர்த்துப் போடுவார்கள். போட்டவருக்கு அலகுகள் கிடைக்கும். பங்குகளுக்குச் சந்தையில் அன்றைக்கு என்ன பெறுமதியோ, அதை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அலகின் விலை. அன்று ஓர் அலகு பத்து ரூபா. ஹஸீபுக்கு ஒரு லட்சம் அலகுகள் எழுதிக் கொடுத்தார்கள்.

ஹஸீபின் ஸகாத் நாள் பத்தாம் நோன்பு, அதாவது நோன்பு மாதத்தின் பத்தாம் நாள். வருடா வருடம் அன்று காலை மாஸ்டர் நிதியத்துக்குத் தொலைபேசி எடுத்து அன்றைய விலையைக் கேட்பார். கேட்டு, கட்டம் போட்ட கொப்பி ஒன்றில் திகதியையும் விலையையும் எழுதி, பென்சிலால் ஒரு புள்ளியும் வைப்பார். முதல் வருடம் பத்து ரூபா இருபது சதம். இரண்டாம் வருடம், கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தபோது, பத்து முப்பத்தைந்து. மூன்றாம் வருடம் பதினான்கு அறுபது. மூன்று புள்ளிகள், ஒன்றைவிட ஒன்று உயரம். அடிமட்டத்தை வைத்து இணைத்தால் கோடு மேலேதான் போகும். மாஸ்டருக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

"ஸகாத் ஒழுங்காக் குடுக்கிற சல்லி தேயாது மச்சான்," என்பார் ஹஸீபிடம். "பாருங்க, உங்கட முன்னுக்கே இருக்கு."

நம்பிக்கையில் குற்றம் இல்லை. இறைவன் கொடுப்பதைப் பென்சில் கோட்டில் பார்த்துவிடலாம் என்று நினைத்தாரே, அதுதான் குற்றம்.

ஹஸீபுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது அந்த மூன்றாம் வருடக் கடைசியில். மிளகுச் சாக்கை லொறியில் ஏற்றியவன், பிறகு சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் கடைப் படி மூன்றை ஏறவும் நடுவில் நிற்க வேண்டியதாகிவிட்டது. கண்டியில் பெரிய டாக்டர் ஒருவர் பார்த்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியல் இரண்டு வருடம். தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு லட்சம்.

"எவ்வளவு நாள் பொறுக்கலாம் டாக்டர்?" என்று கேட்டது மாஸ்டர்தான்.

"ஆறு மாசம். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை," என்றார் டாக்டர்.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஜனவரி. அந்த வாரமே ஹஸீப் நிதியத்துக்குச் சொல்லியனுப்பினான். கண்டிக் கிளையிலிருந்து வினோஜா என்ற அலுவலர் யட்டவத்தவுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். காசை மீளப் பெறும் படிவத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஹஸீப் தன் பெயர், அடையாள அட்டை இலக்கம், அலகுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினான். றுஸைனா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இன்டைக்கு என்ன வெல?"

"இருபத்தாறு ரூபா முப்பது சதம், மாஸ்டர்."

மாஸ்டருக்குக் கண்ணாடி வழுக்கியது. இருபத்தாறு லட்சத்து முப்பதாயிரம்! கொப்பியை எடுத்தார், பென்சிலை எடுத்தார். பதினான்கு அறுபதிலிருந்து ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு ரூபா ஏறியிருக்கிறது. அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு நாலு ரூபா. ஏப்ரலில் பத்தாம் நோன்பு. அன்று அலகு முப்பது ரூபா. இப்போது எடுத்தால் ஒப்பரேசன் போக எட்டு லட்சம் மிஞ்சும். அன்று எடுத்தால் பன்னிரண்டு. நாலு லட்சம் சும்மா வருகிறது! ஹஸீபின் மகள் நுஸ்லாவின் பேரில் வீட்டுக்குப் பின்னால் கட்டத் தொடங்கிய இரண்டு அறைகள் கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கின்றன. அந்த நாலு லட்சம் இருந்தால் கொங்கிறீட் போட்டு மூடிவிடலாம்.

"மச்சான், பேனய வைங்க," என்றார். "டாக்டர் ஆறு மாசம் தந்திருக்காரு. மூணு மாசத்துல பத்தாம் நோன்பு. அன்டைக்கு எடுப்போம்."

வினோஜா கொப்பியை எட்டிப் பார்த்தாள். "மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. இதில மூண்டு புள்ளிதான் கிடக்கு. மூண்டும் வருசத்தில ஒரே நாள் எடுத்தது. மிச்ச நாளெல்லாம் விலை எங்க போய் வந்ததெண்டு இதில இல்லை."

"மூணு வருஷமும் கூடித்தானே இருக்கு?"

"அந்த நாளில கூடியிருக்கு. நடுவில விழுந்து எழும்பினது உங்களுக்குத் தெரியாது. நாள் நாளா விலை போட்ட தாள் என்னட்ட இருக்கு, காட்டட்டே? போன வருசங்களில எவ்வளவு தந்ததெண்டு பாக்கிறது ஒண்டு. எவ்வளவு ஆடுதெண்டு பாக்கிறது இன்னொண்டு. இது நல்லா ஆடுற நிதியம். ஒப்பரேசனுக்கெண்டு வைச்ச காசு ஆடுற இடத்தில கிடக்கக் கூடாது, மாஸ்டர்."

நியாயமாகச் சொன்னாள். தன் கம்பனியிலிருந்து காசை எடுங்கள் என்று ஓர் அலுவலர் சொல்வதென்றால் அதில் என்ன கள்ளம் இருக்கப் போகிறது? ஆனால் மாஸ்டருக்குக் கேட்டது வேறு. நேற்றுப் பிறந்த பிள்ளை, என் புள்ளியில் பிழை சொல்கிறாள்.

"நான் முப்பத்திரண்டு வருஷம் வரைபு படிப்பிச்ச ஆள், மகள்," என்றார் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தால் அவருடைய பழைய மாணவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வினோஜாவும் திறக்கவில்லை. ஹஸீபைப் பார்த்தாள். ஹஸீபின் கையில் பேனா இருந்தது. மூச்சு விட்டுக்கொள்ள ஒரு நிமிடம் எடுத்தான். பிறகு பேனாவை மூடினான்.

"மச்சான் செல்றது சரியாத்தான் இருக்கும். மாத்தளையே மச்சான் செல்றத்தத்தானே கேக்குது," என்று சிரித்தான்.

கையெழுத்து மட்டும் இல்லாத அந்தப் படிவத்தை மாஸ்டர் மடித்துக் கொப்பிக்குள் வைத்தார். ஏப்ரலில் வேண்டிவரும் என்று.

பெப்ரவரி கடைசியில் விலை இருபத்திரண்டாகியது. ஹஸீப் தொலைபேசியில் கேட்டான், "எடுத்துடுவமா மச்சான்? இப்பயும் போதும் தானே?" போதும்தான். நாலு லட்சம் மிச்சமும் வரும். ஆனால் மாஸ்டருக்கு இருபத்தாறு ரூபா கண்ணுக்குள்ளேயே நின்றது. கண்ணுக்கு முன்னால் நாலு லட்சத்தைத் தொலைத்துவிட்டு எடுப்பதா? "எறங்கினா ஏறும். நோன்பு வர மட்டும் பொறுங்க," என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? மூச்சு விடுகிற நேரம்தான்.

மார்ச்சில் டொலர் பிய்த்துக்கொண்டு ஏறியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. கரண்ட் நாளுக்குப் பத்து மணித்தியாலம் இல்லை. மாஸ்டர் கண்டிக்குப் போய்க் கேட்டபோது தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு லட்சம் என்றார்கள். அன்று நிதியத்தில் பதினேழு. ஏப்ரலில் ஆஸ்பத்திரி முப்பத்திரண்டு என்றது, அதுவும் வால்வு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தால். மாஸ்டர் தன் சேமிப்பை எடுத்தார், றுஸைனாவின் காப்பையும் மாலையையும் விற்கலாம் என்று விலை கேட்டார். எல்லாம் சேர்த்தாலும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தும் தையல் நூலும் இல்லையென்று அவசரமில்லாத ஒப்பரேசன்களை நிறுத்தியிருந்தார்கள். ஹஸீபின் பெயர் அந்த அவசரமில்லாத பட்டியலில் இருந்தது.

நோன்பு பிறந்து ஆறாம் நாள் அவனை மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணை மூன்றில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். பத்தாம் நோன்பன்று மாஸ்டர் பார்க்கப் போனார்.

"மச்சான்," என்றான் ஹஸீப். பகிடி இன்னும் விடவில்லை. "இன்டைக்குப் பத்தாம் நோன்பு. என்ன வெல?"

காலையில் மாஸ்டர் நிதியத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார், விலையும் தெரியும். கொப்பியில்தான் எழுதவில்லை.

"பொறகு பாப்போம் மச்சான். மொதல்ல சொகமாகி வாங்க."

"புள்ளி வெக்க மறந்துடாதீங்க," என்று சிரிக்கப் போய் ஹஸீப் இருமினான். இருமல் நிற்க வெகுநேரம் எடுத்தது.

பத்தொன்பதாம் நோன்பன்று அஸர் தொழுகை நேரம் ஹஸீப் மவுத்தானான். வயது நாற்பத்தேழு. ஜனாஸா அடக்கத்துக்குப் போன எல்லோரும் மாஸ்டரின் கையைப் பிடித்து, "நாடு இப்படி ஆகினதாலதான், என்ன செய்யிற?" என்றார்கள். மாஸ்டர் தலையை ஆட்டினார். ஓம், நாடுதான். அந்தப் பதில் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்ததென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இருபத்தேழாம் நோன்பன்று பின்னேரம் றுஸைனா அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள், நானா வந்துவிட்டுப் போகட்டும், கொப்பியையும் கொண்டுவரட்டும் என்று. அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்கிற காலம் அது. வெளி ஆண்கள் உள்ளே வருவதில்லை; கூடப் பிறந்தவர் வரலாம். மாஸ்டர் பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்து போய்ச் சேர்ந்தார். பின்பக்கத்து இரண்டு அறைகளும் கூரை இல்லாமல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்.

றுஸைனா வெள்ளை உடுத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்துக்குள் முகம் பாதியாகியிருந்தது. அழவில்லை. அழுது முடித்தவள் போலத் தெளிவாகப் பேசினாள்.

"நானா, அவருட ஸகாத் நாள் பத்தாம் நோன்பு. அன்டைக்கு ஆஸ்பத்திரில கெடந்தாரு, குடுக்கல்ல. அது அவருட கழுத்துல கடனா நிக்கக் கூடாது. எவ்வளவுன்டு பாத்துச் செல்லுங்க. குடுத்துடுவம்."

மாஸ்டர் கொப்பியை மடியில் வைத்தார். பத்தாம் நோன்பு விலை அவருக்கு மனப்பாடம். எழுதினார்: பதினான்கு தொண்ணூறு. பழக்கத்தில் கை தானாகவே பென்சிலைத் திருப்பிப் புள்ளியையும் வைத்தது. அடிமட்டத்தை எடுத்துப் போன வருடத்துப் புள்ளியோடு இணைத்தார்.

கோடு மேலேதான் போனது.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போன பத்தாம் நோன்புக்குப் பதினான்கு அறுபது, இந்தப் பத்தாம் நோன்புக்குப் பதினான்கு தொண்ணூறு. குறையவில்லை. நாலு புள்ளிகள், ஒன்றைவிட ஒன்று உயரம். அவர் சொன்னது எதுவும் பொய்க்கவில்லை. கொப்பியின்படி அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு மனம் லேசானது. அந்த ஒரு நொடிக்காக அவர் சாகிறவரை வெட்கப்பட வேண்டும். படட்டும்.

"போன வருஷத்த விடக் கூடியா, கொறஞ்சா நானா?" றுஸைனா கேட்டாள்.

"கூடித்தான் இருக்கு. முப்பது சதம்."

அவள் மெதுவாகக் கேட்டாள், சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

"கூடியிருந்தா, அவருட ஒப்பரேசனுக்கு ஏன் நானா போதாமப் போச்சு?"

டொலர் என்ற சொல் மாஸ்டரின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை. அதைச் சொன்னால் அவள் நம்புவாள். ஊர் ஏற்கெனவே நம்பிவிட்டது. கொப்பியும் அவர் பக்கம். வினோஜா என்கிற ஒருத்தியைத் தவிர வேறு சாட்சி இல்லை. கொப்பியை மூடிவிட்டு எழும்பினால் போதும்.

அவர் மூடவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தங்கை அப்படி வெள்ளையாகக் கேட்டதாலோ, ஹஸீபின் இருமல் காதில் இன்னும் நின்றதாலோ. பென்சிலை எடுத்தார். கடைசி இரண்டு பத்தாம் நோன்புகளுக்கும் நடுவில் விரலால் இடம் அளந்தார். புள்ளி வைக்க மேலே மேலே போனார். கட்டங்கள் முடிந்துவிட்டன. தாளின் விளிம்பில், கட்டமே இல்லாத வெள்ளை இடத்தில், ஒரு புள்ளி வைத்தார். போன வருடத்துப் புள்ளியிலிருந்து அங்கே ஒரு கோடு, அங்கிருந்து இந்த வருடத்துப் புள்ளிக்கு ஒரு கோடு. அடிமட்டம் வைக்காததால் கோடு நேராக வரவில்லை.

"இது என்ன?"

"ஜனவரி மாசம். அந்தப் புள்ள கடதாசி கொண்டு வந்த நாள்."

"அன்டைக்கு எவ்வளவு இருந்திச்சி?"

"இருபத்தாறு லட்சத்தி முப்பதாயிரம்."

"ஒப்பரேசனுக்கு?"

"பதினெட்டு."

றுஸைனா கோட்டைப் பார்த்தாள். மேலே ஏறினதையும் இறங்கினதையும் விரலால் தடவிப் பார்த்தாள். குசினியில் அன்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அவரு கையெழுத்துப் போடத்தான் இருந்தாரு," என்றார் மாஸ்டர். "நான்தான் பேனய வைக்கச் சென்ன. நாலு லட்சம் கூட வரும்னு செல்லி. பொறகு பெப்ரவரியில கேட்டாரு, அப்பயும் நான்தான் வேணாம்ன்ட. அந்தப் புள்ள செல்லிச்சி, வருஷத்துல ஒரு நாள் பாத்துட்டு ஒன்டும் தெரியாதுன்டு. நான் கேக்கல்ல."

கொப்பிக்குள் மடித்திருந்த படிவத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி விரித்தாள். முஹம்மது ஹஸீப். அடையாள அட்டை இலக்கம். அலகுகள் ஒரு லட்சம். எல்லாம் அவனுடைய சரிவான எழுத்து. கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடத்தின்மேல் அவள் கையை வைத்தாள், வைத்தபடியே இருந்தாள்.

மாஸ்டர் காத்திருந்தார். ஏசுவாள் என்று நினைத்தார்; ஏச வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினார். எழும்பிப் போங்க என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், அதைச் சுமந்துகொண்டு போய்விடலாம். உள் அறையில் நுஸ்லா குர்ஆன் ஓதுவது கேட்டது. ஓதி ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கியது.

றுஸைனா படிவத்தை நாலாக மடித்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். நானாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஸகாத் எவ்வளவுன்டு செல்லுங்க," என்றாள். "அதயாச்சும் பிந்தாமக் குடுத்துடுவம்."

மாஸ்டர் பென்சிலை எடுத்தார். பதினான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை நாற்பதால் வகுத்தார். முப்பத்தேழாயிரத்து இருநூற்றைம்பது. இரண்டு முறை சரி பார்த்தார். பிழை இருக்கவில்லை.